சொந்த வகுப்பா, ஆயத்த வகுப்பா: 15 ஆண்டுகள் விளையாடிப் பார்த்த பிறகு

பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டைத் தொடங்கியவுடன் வரும் முதல் பெரிய கேள்வி, நம் பாத்திரம் எந்த வகுப்பைச் சேர்ந்தது, அதாவது எந்தெந்தத் திறன்களில் தேர்ந்த வகை என்பதாகும். விளையாட்டே ஆக்கி வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அல்லது திறன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பெயரும் வைத்து, சொந்தமாக ஒரு வகுப்பை அமைத்துக்கொள்ளலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. பட்டறை வேலை முடிந்த இரவுகளில், 2010 முதல் நான் தொடர்ந்து ஆடி வருபவை எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் இரண்டு விளையாட்டுகள்: 2002இல் வெளிவந்த மாரோவிண்ட், 2006இல் வெளிவந்த ஆப்லிவியன். இரண்டிலும் 21 ஆயத்த வகுப்புகள் உண்டு. சொந்த வகுப்புக்கும் இடம் உண்டு. இத்தனை ஆண்டுகளில் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். முதன்முறை ஆடுபவர் சொந்த வகுப்பு அமைக்கக் கூடாது என்ற முடிவுக்கு நான் வந்து சேர்ந்தது, மாரோவிண்டில் நேர்ந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது.

மாரோவிண்டில் கப்பலிலிருந்து இறங்கியதும் சேடா நீன் என்ற சிற்றூரின் அலுவலகத்தில் ஒரு முதியவர் நம் விவரங்களைப் பதிவு செய்கிறார். அவர் கேட்கும் 10 கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நமக்கு ஏற்ற வகுப்பை அவரே பரிந்துரைப்பார். வேண்டாமென்றால் பட்டியலிலிருந்து எடுக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் படிவத்தை நாமே நிரப்பலாம். நான் படிவத்தை நிரப்பினேன். 27 திறன்களில் 5 முதன்மைத் திறன்கள், 5 துணைத் திறன்கள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ரெட்கார்ட் இனத்தைத் தேர்ந்தெடுத்து, சண்டையைச் சிறப்புப் பிரிவாக வைத்து, நீள வாளான லாங் பிளேடை முதன்மையில் சேர்த்தேன். முதன்மைத் திறனுக்கு 30, சிறப்புப் பிரிவுக்கு 5, இனத்துக்கு 15 என்று அது 50இல் தொடங்கியது. ஆனால் அந்த அலுவலகத்திலேயே மேசைமேல் கிடந்த குத்துவாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். குத்துவாள் ஷார்ட் பிளேடு என்ற வேறொரு திறனின் கீழ் வருவது. அது என் பாத்திரத்துக்கு வெறும் 10.

ஊருக்கு வெளியே அடாமசார்ட்டஸ் என்றொரு குகை இருக்கிறது. உள்ளே இருந்த முதல் எதிரியை நான் எத்தனை முறை வீசியும் அடிக்க முடியவில்லை. கத்தி அவள் உடம்பைத் தொடுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கணக்கில் படவில்லை. மாரோவிண்டில் ஒவ்வொரு வீச்சும் படுகிறதா இல்லையா என்பதை ஆயுதத் திறனும் சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. களைப்பு கூடக்கூட அந்த வாய்ப்பு இன்னும் குறைகிறது. குகை வரை ஓடியே வந்திருந்ததால் களைப்பும் எனக்கு எதிராக நின்றது. இவற்றில் ஒன்றைக்கூட அறியாமல்தான் நான் பத்துத் திறன்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பெயர் பிடித்தவற்றை எடுத்தேன் என்பதே உண்மை. பட்டறைக்குப் புதிதாக வரும் பையனிடம் என்ன வேலை பிடிக்கும் என்று முதல் நாளே யாரும் கேட்பதில்லை. ஒரு வேலையில் உட்கார வைப்பார்கள். வெள்ளி எப்படி இளகுகிறது, எங்கே முறிகிறது என்று கை பழகிய பிறகுதான் அவனுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டாகிறது. படிவத்தின் முன் நான் விருப்பத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பழக்கம் கொஞ்சமும் இல்லை.

அந்த அனுபவத்தால் ஆப்லிவியனுக்கு வந்தபோது ஆயத்த வகுப்பை எடுத்தேன். இதில் மொத்தம் 21 திறன்கள், அவற்றில் 7 முதன்மைத் திறன்கள். தொடக்கச் சுரங்கத்தில் நாம் எப்படிச் சண்டையிடுகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டே வந்து, முடிவில் காவலர் பாரஸ் ஒரு வகுப்பைச் சொல்வார். அதை மறுத்து நான் எடுத்தது ஸ்கவுட். அக்ரோபாட்டிக்ஸ், அல்கெமி, ஆர்மரர் (ஆயுதமும் கவசமும் பழுதுபார்ப்பது), அத்லெட்டிக்ஸ், பிளேடு (வாள்), பிளாக் (கேடயத்தால் தடுப்பது), லைட் ஆர்மர் (இலகுவான கவசம்) ஆகியவை அதன் ஏழு திறன்கள். நாடு சுற்றுபவனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று தோன்றியது. ஆனால் ஓடினால் அத்லெட்டிக்ஸ் ஏறும், குதித்தால் அக்ரோபாட்டிக்ஸ் ஏறும், வழியில் பறித்த செடிகளைக் கலக்கினால் அல்கெமி ஏறும். முதன்மைத் திறன்களில் மொத்தம் 10 ஏற்றம் சேர்ந்தால் ஒரு லெவல் ஏறலாம். ஆக, வாளை உறையிலிருந்து எடுக்காமலேயே என் பாத்திரம் லெவல் ஏறிக்கொண்டே போனது. ஆப்லிவியனில் எதிரிகளும் நம் லெவலுக்கு ஏற்ப வலுவடைவார்கள். 12ஆம் லெவலில் நான் ஒரு காப்ளின் குகைக்குள் நுழைந்தபோது, எதிரிகள் 12ஆம் லெவலுக்கு உரிய வலிமையோடு நின்றார்கள். என் வாள் திறனோ தொடங்கிய இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. ஆயத்த வகுப்பு என்பதாலேயே அது நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது என்று நம்பிவிடக் கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே 2012இல் ஆப்லிவியனிலேயே மீண்டும் சொந்த வகுப்புக்குத் திரும்பினேன். இம்முறை கணக்கெல்லாம் தெரிந்திருந்தது. தமிழில் தட்டச்சு செய்ய இயலாததால் ஆங்கில எழுத்தில் 'சேர்வராயன்' என்று அதற்குப் பெயர் வைத்தேன். தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. ஆட்டத்தின் நேரத்தை மின்சாரம்தான் முடிவு செய்தது. மின்சாரம் இல்லாத நேரத்தில் நான் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திட்டம் போடுவேன்.

அந்தத் திட்டத்தின் தன்மையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சொந்த வகுப்பு அமைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். லெவல் ஏறும்போது வலிமை, தாங்குதிறன் போன்ற பண்புகளில் மூன்றை உயர்த்தலாம். எவ்வளவு உயர்த்தலாம் என்பது, அந்த லெவலுக்குள் அப்பண்பின் கீழ் வரும் திறன்கள் எத்தனை முறை ஏறின என்பதைப் பொறுத்தது. 1 முதல் 4 வரை ஏறியிருந்தால் 2, 5 முதல் 7 வரை என்றால் 3, 8 அல்லது 9 என்றால் 4, 10 ஆகிவிட்டால் 5. மூன்று பண்புகளுக்கும் 5 வேண்டுமென்றால் ஒரே லெவலுக்குள் 30 ஏற்றங்கள் தேவை. ஆனால் முதன்மைத் திறன்களில் 10 சேர்ந்ததுமே லெவல் முடிந்துவிடுகிறது. எனவே மீதி 20 ஏற்றங்களும் முதன்மை அல்லாத திறன்களிலிருந்து வர வேண்டும். இதன் விளைவு என்னவென்றால், அதிகம் பயன்படுத்தப் போகும் திறன்களை முதன்மையில் சேர்க்காமல் விடுவதே கணக்குப்படி புத்திசாலித்தனமாகிறது. நான் யார் என்பதைச் சொல்ல வேண்டிய வகுப்பு, நான் செய்யாதவற்றின் பட்டியலாக மாறிவிடுகிறது.

என் நோட்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு லெவல். எட்டுப் பண்புகளில் அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டு ஏழு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக ஐந்தைந்தாக எண்ணி வைத்திருப்பேன். தாங்குதிறனுக்கான கட்டம்தான் எப்போதும் காலியாக இருக்கும். ஒவ்வொரு லெவலிலும் தாங்குதிறனின் பத்தில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளியாகச் சேரும். தாமதமாக உயர்த்தினால் முந்தைய லெவல்களுக்கான இழப்பு திரும்பி வராது. அதனால் அதை முதலிலேயே உயர்த்தியாக வேண்டும் என்ற அவசரம். ஒரு நாள் ஏரிக்கரையில் ஒரு சேற்று நண்டின் முன்னால் கேடயத்தை உயர்த்திப் பிடித்தபடி, பிளாக் திறன் ஏறுவதற்காக, நாற்பது நிமிடம் அப்படியே நின்றேன். நண்டு அடித்துக்கொண்டே இருந்தது. உயிர் குறையும்போது மந்திரம் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நோட்டில் ஒரு கோடு. சேர்வராயனின் எண்கள் குறைசொல்ல முடியாதவை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் நான் முடித்த கதைப்பகுதி எது என்று கேட்டால் ஒன்றைக்கூடச் சொல்ல என்னால் முடியவில்லை.

அந்த மே மாத விடுமுறைக்கு ஏற்காட்டிலிருந்து என் சித்தி மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நான் பட்டறையில் இருந்த நேரத்தில் புதிதாக ஒரு ஆட்டத்தைத் தொடங்கி, பிரெட்டன் இனத்தையும் பட்டியலில் கண்ணில் பட்ட ஹீலர் வகுப்பையும் எடுத்துக்கொண்டாள். நான் ஒருபோதும் திரும்பிப் பார்த்திராத வகுப்பு அது. அல்கெமி, மந்திர வகைகளான ஆல்டரேஷன், டிஸ்ட்ரக்ஷன், இல்யூஷன், ரெஸ்டோரேஷன், வியாபாரத் திறனான மெர்க்கண்டைல், பேச்சுத் திறனான ஸ்பீச்கிராஃப்ட் ஆகியவைதான் அதன் திறன்கள். ஏழில் ஓர் ஆயுதம் கூட இல்லை. இரண்டு வாரம் கழித்து நான் பின்னால் நின்று பார்த்தேன். கோட்டை ஒன்றின் கூடத்தில் மூன்று கொள்ளையர்கள் நின்றிருந்தார்கள். அவள் தூணுக்குப் பின்னால் மறைந்தபடி அவர்களில் ஒருவன்மீது வெறியூட்டும் இல்யூஷன் மந்திரத்தை ஏவினாள். அவன் திரும்பித் தன் ஆட்களையே வெட்டத் தொடங்கினான். எஞ்சியவனை டிஸ்ட்ரக்ஷன் மந்திரத்தின் தீயால் முடித்தாள்.

"அண்ணா, இந்த மந்திரம் பெரிய லெவல் ஆளுங்க மேல வேலை செய்யாது. அதனால புதுசு வாங்கிட்டே இருக்கணும், அதுக்குத்தான் காசு சேர்க்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னது மிகச் சரி. வெறியூட்டும் மந்திரங்களுக்கு லெவல் வரம்பு உண்டு. எதிரிகள் வளர வளர வலுவான மந்திரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்குக் கஷாயம் காய்ச்சி விற்க வேண்டும், நல்ல விலைக்கு விற்க மெர்க்கண்டைல் வேண்டும். நான் தொடர்பில்லாத ஏழு பெயர்கள் என்று நினைத்திருந்தவை ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆயத்த வகுப்பின் உண்மையான பயன் எனக்கு அன்றுதான் விளங்கியது. நாமே தேர்ந்தெடுக்கும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தையே மறுபடி ஆடுகிறோம். என் சொந்த வகுப்புகள் அனைத்திலும் வாளும் கனத்த கவசமும் இருந்தன. ஸ்பீச்கிராஃப்டோ இல்யூஷனோ ஒன்றில் கூட இல்லை. அவள் அந்த ஹீலரோடு கதையின் முதன்மைப் பகுதியை ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிட்டாள்.

மற்ற விளையாட்டுகளைப் பற்றி ஓரிரு சொற்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையிலேயே 1996இல் வந்த டாகர்ஃபால் சொந்த வகுப்புக்கு ஒரு விலை வைக்கிறது: சாதகங்களைச் சேர்த்தால் லெவல் ஏறுவது மெதுவாகும், பாதகங்களை ஏற்றுக்கொண்டால் விரைவாகும். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அதே வரிசையில் 2011இல் வந்த ஸ்கைரிம் வகுப்புகளையே நீக்கிவிட்டது. எல்டன் ரிங்கில் (2022) வகுப்பு என்பது தொடக்க எண்களும் தொடக்க ஆயுதங்களும் மட்டுமே. பால்டர்ஸ் கேட் 3இல் (2023) 12 வகுப்புகளும் ஆயத்தமானவைதான். ஆனால் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே இந்தக் கேள்விக்கு ஆப்லிவியனில் இருக்கும் கனம் இல்லை. புதியவர்கள் அஞ்சாமல் எதையும் எடுக்கலாம்.

2025 ஏப்ரலில் வெளிவந்த ஆப்லிவியன் மறுபதிப்பு, நான் நோட்டில் கோடு போட்ட கணக்கையே இல்லாமல் செய்துவிட்டது. முதன்மை அல்லாத திறன்களும் லெவலுக்குச் சேர்கின்றன. லெவலுக்கு 12 புள்ளிகளை நாமே பண்புகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். இனி யாரும் நண்டின் முன் நிற்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அதில் சொந்த வகுப்பு அமைப்பது முன்பைப் போல ஆபத்தானதும் அல்ல. பழைய பதிப்பை ஆடுபவர்களுக்குத்தான் எச்சரிக்கை இன்னும் தேவைப்படுகிறது.

பழைய பதிப்பில் நான் இப்போது கையாளும் முறை இதுதான். சுரங்கத்திலிருந்து வெளியேறும் கதவருகே இனம், பிறப்பு ராசி, வகுப்பு ஆகிய அனைத்தையும் மாற்றிக்கொள்ள விளையாட்டு ஒரு கடைசி வாய்ப்பைத் தருகிறது. அந்த இடத்தில் ஒரு சேவ் எடுத்து (ஆட்டத்தை அந்த நிலையில் பதிவு செய்து), அதை ஒருபோதும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முதலில் ஏதாவது ஓர் ஆயத்த வகுப்போடு பத்து மணி நேரம் ஆடி, ஏழு திறன்களில் எவை தாமாக ஏறுகின்றன, எவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று கவனிக்க வேண்டும். பிறகு அந்தப் பழைய சேவுக்குத் திரும்பி, அதே வகுப்பைச் சொந்த வகுப்பாக எழுதி, ஓரிரண்டு திறன்களை மட்டும் மாற்ற வேண்டும். கடையில் எடுத்த சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துத் தோளையும் கையையும் மட்டும் ஆல்டர் செய்துகொள்வது போலத்தான். ஸ்கவுட்டை நான் அப்படித்தான் மீட்டேன். அத்லெட்டிக்ஸையும் அக்ரோபாட்டிக்ஸையும் நீக்கி, வில்வித்தையான மார்க்ஸ்மேனையும் குணப்படுத்தும் மந்திரமான ரெஸ்டோரேஷனையும் வைத்தேன். ஓடுவதும் குதிப்பதும் அதற்குப் பிறகு லெவலை ஏற்றவில்லை. ஐந்து திறன்களைத் தொடவே இல்லை. முன்பு தேவையற்றதாகத் தோன்றிய ஆர்மரர், குகையின் நடுவில் கவசம் தேய்ந்தபோது என்னைப் பலமுறை காப்பாற்றியது. படுத்து உறங்கினால்தான் லெவல் ஏறும் என்பதால் உறங்காமலேயே 1ஆம் லெவலில் நிற்கும் தந்திரத்தையும் சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நல்ல ஆயுதங்கள் பலவும் லெவலுக்கு ஏற்பத்தான் கிடைக்கின்றன.

தங்கை இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனாலும் விடுமுறையில் வந்தால் எனக்கு வகுப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவள் அவள்தான். சென்ற முறை பில்கிரிமைக் காட்டினாள். கேடயமும் கதாயுதமும் பேச்சும் பூட்டுத் திறப்பதும் வியாபாரமும் தெரிந்த யாத்ரீகன். பத்து மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் எதையும் மாற்றவில்லை. பூட்டுத் திறக்கும் திறனான செக்யூரிட்டியை நீக்கிவிடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. நேற்று இரவு ஒரு பழைய கோட்டையில் ஐந்து நெம்புகளும் உள்ள பூட்டு ஒன்றைத் திறந்தபின் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.