பெலோமோ 10எக்ஸ் லென்ஸ்: பூச்சியியல் படிக்கக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது

ஊரில் பி.எஸ்சி. வேளாண்மை படித்தபோது பூச்சிகளைப் பிடித்துப் பெட்டியில் ஊசி குத்தி வைத்ததோடு சரி. ஒரு பூச்சியை இன்னொரு உயிரை வைத்தே அடக்கும் உயிரியல் கட்டுப்பாடு படிக்க கலிஃபோர்னியாவின் ரிவர்சைடுக்கு வரும்போது ஆன்லைனில் ஒரு லென்ஸ் வாங்கி வந்தேன், 60எக்ஸ், அதாவது 60 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சடித்து குட்டி விளக்கெல்லாம் வைத்தது. நடுவில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் தெளிவு, சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கும். முதல் பருவம் முழுக்கத் தலைவலிதான் மிச்சம்.

அப்புறம் ஆய்வகத்தில் ஒரு அக்கா தன் பெலோமோவைக் கையில் கொடுத்தார். பெலாரஸில் செய்வது, மூன்று கண்ணாடிகளைச் சேர்த்து ஒட்டியிருப்பதால் நிறம் பிரியாது, ஓரமும் வளையாது. அன்று இரவே 38 டாலருக்கு வாங்கிவிட்டேன். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிற எனக்கு அது பெரிய காசுதான்.

என் வேலை சில்லிட் பூச்சியோடு. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு கிரீனிங் நோயைப் பரப்புவது இதுதான், நம் கறிவேப்பிலையிலும் செழிப்பாக வளரும். இதை அடக்க பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து டமாரிக்சியா என்ற, சில்லிட் குஞ்சைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து 2011 டிசம்பரில் இங்கே விட்டார்கள், 2014இல் அதே பஞ்சாபிலிருந்து டயஃபோரென்சிர்டஸ் என்ற இன்னொன்றையும். இரண்டில் எது வேலை செய்திருக்கிறது என்று தெரிய, செத்துக் காய்ந்த சில்லிட் குஞ்சில் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். மார்புப் பக்கம் என்றால் டமாரிக்சியா, வயிற்றுப் பக்கம் என்றால் மற்றது. அந்தக் கூடு 2 மி.மீ. கூட இருக்காது. தோப்பில் நின்றபடி கொழுந்தைத் திருப்பிப் பார்த்தேன், பழுப்புக் கூட்டின் மார்பில் வட்டமாக, சுத்தமாக வெட்டிய ஒரு துளை. குளவி வெளியே போன வழி! அந்த நிமிடம்தான் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

30எக்ஸ் பக்கம் போகாதீர்கள். 10எக்ஸில் இலைக்கும் லென்ஸுக்கும் நடுவே சுமார் 2.5 செ.மீ. கிடைக்கும், வெளிச்சம் விழும். 30எக்ஸில் 8 மி.மீ.தான், நிழல்தான் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு இலையை அதனிடம் கொண்டு வாருங்கள்.

டிரைக்கோகிரம்மா மாதிரி அரை மி.மீ. குளவியை இனம் பிரிக்க எந்தக் கைலென்ஸும் போதாது. அதற்கு ஆண் குளவியின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அந்த வழியைக் காட்டியவர்கள் பெங்களூரில் வேலை செய்த நாகர்கட்டியும் நாகராஜாவும் என்பது எனக்குப் பெரிய பெருமை.

கயிறு ஒன்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், சிவப்புக் கயிறாக இருக்கட்டும், தோப்பில் சருகுக்குள் விழுந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.