கேட்டது கார்டு வரம்பு உயர்வு, வந்தது ஒரு லட்சம் கடன்

கிரெடிட் கார்டின் வரம்பை உயர்த்தக் கேட்கவிருப்பவர்கள், நாகர்கோவிலில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் எனக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். யாரோ போனில் அழைத்து ஏமாற்றியது அல்ல இது. நானே தக்கலையிலிருந்து பஸ் ஏறிப் போய், வங்கிக்குள் உட்கார்ந்து ஏமாந்தேன்.

அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிவாகியிருந்தது. மருத்துவமனை சொன்ன தொகை 2,10,000 ரூபாய். என் கார்டின் வரம்போ 1,50,000. கார்டுப் பிரிவு மேசையில் இருந்த இளைஞர் சம்பளச் சீட்டைக்கூடக் கேட்கவில்லை. (அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.) "அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே அப்ரூவ் ஆகிக் கெடக்கு, ஒரு லட்சம் கூடும், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்றார். கண்ணாடியைப் பைக்குள் தேடிக்கொண்டிருந்த நான் போனையே அவர் பக்கம் நீட்டினேன். ஆறு எண்களையும் அவரே பார்த்துத் தட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, மருத்துவமனை பில் கவுண்டரில் 1,40,000 ரூபாய்க்குத் தேய்த்த கார்டு இரண்டு முறையும் மறுக்கப்பட்டது. பின்னால் வரிசை நீள, அங்கேயே நின்று வங்கிச் செயலியைத் திறந்தேன். வரம்பு ஒரு ரூபாய்கூட உயரவில்லை. மாறாக, இருந்த வரம்பிலேயே ஒரு லட்சம் முடக்கப்பட்டு, அந்தத் தொகை கார்டு மீதான கடனாக என் சேமிப்புக் கணக்கில் வந்து கிடந்தது: 24 மாதம், ஆண்டு வட்டி 16 சதவீதம், தவணை 4,896 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 999 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சம்பளம் வேறு வங்கியில் வருவதால் இந்தக் கணக்கை நான் எட்டிப் பார்ப்பதே இல்லை. பணத்தைத் தொட்டால் கடனை ஏற்றுக்கொண்டதாகிவிடுமோ என்று பயந்து, தம்பியிடம் வாங்கித்தான் பில்லைக் கட்டினேன்.

அன்று இரவு பழைய குறுஞ்செய்தியைத் தேடி எடுத்தேன். கடனுக்கான ஓடிபி என்று அதில் தெளிவாகவே இருந்தது. வரம்பு உயர்வு என்றால் கணக்கில் பணம் வராது, தவணையும் இருக்காது என்பதையும், ஓடிபியைச் சொல்வதற்கு முன் அந்தச் செய்தி எதற்கு வந்தது என்று வாசிக்க வேண்டும் என்பதையும் நான் இவ்வளவு செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

கேட்காத கடனை வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலின்றிக் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் கிளை மேலாளர், "ஓடிபி கொடுத்திருக்கீங்களே மேடம், அதுதான் ஒப்புதல்" என்று முடித்துவிட்டார். அந்தக் கடனை முன்கூட்டி அடைக்க 3 சதவீதமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 3,540 ரூபாய் பிடித்தார்கள். வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கி வைத்ததுதான் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். 30 நாளில் பதில் வராததால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் பதிந்தேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

அதன் பிறகு 3,540 ரூபாய் திரும்பி வந்தது. செயலாக்கக் கட்டணமும் வட்டியும் இன்னும் வரவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. கார்டின் வரம்பு இன்றைக்கும் 1,50,000 தான்.