மினி கூப்பர் எஸ்: வீட்டிலேயே இறக்கி ஏற்றிய இன்ஜின், மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். வீட்டு கேரேஜில் பிரித்து மறுபடி பூட்டிய இந்த இன்ஜின் 20,000 மைலைத் தாண்டிவிட்டது. ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்குவது கண்ணுக்குத் தெரிகிற அளவுதான், மேலே ஊற்ற வேண்டி வரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகை இல்லை. இங்கிலாந்தில் வண்டிக்கு வருடாவருடம் நடக்கும் எம்ஓடி தகுதிச் சோதனையில் எமிஷன் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. பிஸ்டன், ரிங், பேரிங் என்று எதையெல்லாம் பயந்து பயந்து அளந்தேனோ அதெல்லாம் சத்தமில்லாமல் உழைக்கிறது. தொல்லை கொடுத்ததெல்லாம் இன்ஜினைச் சுற்றித் தொங்கும் சின்னச் சாமான்கள்தான். சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் ஊதி) வைத்த இன்ஜினில் கைவைக்க நினைப்பவர்கள் பணத்தையும் கவனத்தையும் எங்கே செலவழிக்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

வண்டி 2005 மாடல், ஆர்53 என்று ஆர்வலர்கள் சொல்லும் தலைமுறை. கார் ஆக்ஸ்போர்டில் கட்டியது. இன்ஜின் பிரேசிலின் காம்போ லார்கோவிலிருந்து கப்பலேறி வந்தது, பிஎம்டபிள்யூவும் கிரைஸ்லரும் கூட்டாக நடத்திய டிரைடெக் ஆலையில் செய்தது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒற்றை கேம், 16 வால்வு, 1,598 சிசி. முன்பக்கத்தில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். எல்லாம் சேர்ந்து 170 குதிரைத்திறன். இதற்கு அடுத்து வந்த கூப்பர் எஸ் டர்போவுக்கு மாறிவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சூப்பர்சார்ஜர் போடும் அந்தக் கீச்சுச் சத்தத்துக்காகவே இந்தப் பழைய வண்டியைத் தேடி வாங்குகிற கூட்டம் இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது. நானும் அதில் ஒருவன்.

வாங்கும்போதே வண்டி ஒரு லட்சம் மைல் தாண்டியிருந்தது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. லிட்டருக்கு 600 மைல் என்ற நிலைக்கு வந்தபோதுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தேன். நான்கில் மற்ற மூன்று சிலிண்டரும் 150 பிஎஸ்ஐ அருகில், மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110. அந்தச் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்ததும் 145-க்கு ஏறியது. ஆயில் விட்டால் அழுத்தம் ஏறுகிறது என்றால் கசிவு பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் ஹெட்டை மட்டும் கழற்றுவதா, மொத்த இன்ஜினையும் இறக்குவதா என்ற பெரிய கேள்விக்குப் பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

ரிங் தேய்ந்தால் எந்த இன்ஜினும் ஆயில் குடிக்கும். சூப்பர்சார்ஜர் இருந்தால் அது ஒரு விஷச் சுழலாகிவிடுகிறது. எம்45 என்ற பெயரில் உள்ள 45, ரோட்டர் ஒரு சுற்று சுற்றும்போது தள்ளும் காற்றின் அளவு. 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி. 1.6 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் கிராங்க்கின் ஒரு சுற்றுக்குத் தானாக இழுக்கக்கூடியது 800 சிசிதான். சூப்பர்சார்ஜரோ கிராங்க்கைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஆக இன்ஜினுக்குத் தேவையானதைவிட நிறையக் காற்றைத் திணிக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. தேய்ந்த ரிங்கைத் தாண்டி அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுற்றும் அடிப்பகுதி) இறங்குகிறது. அங்கிருந்து ஆயில் ஆவியை வாரிக்கொண்டு பிரீதர் குழாய் வழியாக மறுபடி இன்டேக்குக்கு வருகிறது. காற்றோடு கலந்த ஆயில் பெட்ரோலின் ஆக்டேன் வலிமையைக் குறைக்கும், நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும், அந்த அடி பிஸ்டனின் ரிங் இருக்கும் விளிம்பில் விழும். திணித்த காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஆயில் சொட்டியது. அப்போதே உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிட்டது.

இன்ஜினை வெளியே எடுப்பது நினைத்த அளவு கஷ்டமில்லை. இந்த வண்டியின் முகம் முழுவதும், பம்பர், ரேடியேட்டர், குறுக்குச் சட்டம் எல்லாம், போல்ட் கழற்றினால் வந்துவிடும். அப்புறம் இன்ஜினும் ஆறு கியர் கெட்ராக் பெட்டியும் ஒரே கட்டாக முன்பக்கம் வரும். வாடகை கிரேன் போதும். இங்கிலாந்து வீடுகளின் ஒற்றை கேரேஜ் எவ்வளவு சின்னது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வண்டி உள்ளே போனால் ஆள் நிற்க இடமில்லை. வண்டி வெளியே தார்ப்பாய்க்குள், இன்ஜின் ஸ்டாண்டில் கேரேஜுக்குள் என்று பிரித்துக்கொண்டேன். "சமையலறை மேடையில் மட்டும் எதையும் வைக்காதீங்க" என்று வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. காப்பாற்றினேன்.

பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்குக் கீழே உள்ள விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது. மற்ற மூன்றிலும் ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிப்போயிருந்தது. சிலிண்டர் சுவர்களை போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்ததில் தேய்மானம் 0.03 மிமீக்குள் இருந்தது. உடைந்த துண்டு சுவரைக் கீறியிருக்குமோ என்ற பயமும் வீண். ரீபோர் (சிலிண்டர் துளையைப் பெரிதாக்குவது) வேண்டாம், ஹோனிங் (சுவரை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது) போதும் என்று பட்டறைக்காரரும் சொன்னார். புதிய ஸ்டாண்டர்டு அளவு பிஸ்டன் ஒரு செட் வாங்கினேன்.

ஹெட்டை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பிரஷர் டெஸ்ட், ஃபேஸிங், வால்வு கைடு, சீட் எல்லாம் மெஷின் ஷாப் வேலை. வீட்டில் வால்வு லேப்பிங் செய்து திருப்திப்படலாம், ஆனால் ஹெட்டில் விரிசல் உண்டா என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாது. அலுமினிய ஹெட்டுக்குப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் புதிய பிஸ்டன் போடுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிளாக் ஹோனிங்கும் அங்கேயே செய்துகொண்டேன்.

இனி ரிங் இடைவெளி. இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ரிங்கை பிஸ்டன் இல்லாமல் சிலிண்டருக்குள் வைத்து, இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சாதாரண இன்ஜினுக்குப் பொதுவான கணக்கு, போர் அளவின், அதாவது சிலிண்டர் விட்டத்தின், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மிமீ. காற்றைத் திணிக்கும் இன்ஜினில் ரிங் அதிகம் சூடாகி அதிகம் விரியும் என்பதால் 0.0045 அல்லது அதற்கு மேல் வைப்பார்கள். 77 மிமீ போருக்குக் கணக்குப் போட்டால் 0.35 மிமீ. பெட்டியிலிருந்து வந்த ரிங்குகளில் இரண்டு இதைவிட இறுக்கமாக இருந்தன. இடைவெளி போதாமல் போனால் சூட்டில் இரு முனைகளும் முட்டும், ரிங் சிலிண்டரைக் கவ்வும், பிஸ்டனின் விளிம்பு உடையும். பழைய பிஸ்டனில் பார்த்த அதே உடைப்பு. கொஞ்சம் அதிகமாக இருந்தால் நஷ்டம் துளி பிளோபைதான் (ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு). அதனால் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் தளர்வு பக்கமே சாய்ந்தேன். கை அரத்தால் ஒரே திசையில், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும், பிசிறு இருக்கக் கூடாது. ஒரு ரிங்குக்குப் பத்து நிமிடம் ஆகும் சலிப்பான வேலை. மொத்த ரீபில்டிலும் மிகப் பயனுள்ள பத்து நிமிடம் அதுதான்.

பேரிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிராங்க் ஜர்னல்கள் அளவுக்குள் இருந்தன, புதிய ஷெல் போட்டு இடைவெளி அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்துப் பார்த்தேன், 0.04 மிமீ அருகில் வந்தது. கனெக்டிங் ராட் மூடிகளை மாற்றிப் போடாமல் எண் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் போல்ட் புதிதாகவே வாங்குங்கள், டார்க் கொடுத்தபின் டிகிரி கணக்கில் திருகும் போல்ட் அது, ஒரு முறை இழுபட்டால் முடிந்தது. டைமிங் செயின், டென்ஷனர், கைடு எல்லாம் புதிது. இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்சும்.

சூப்பர்சார்ஜருக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் இன்ஜினை முழுதாகக் கழற்றிவிட்டு, அதன் முன்னால் இருந்த ஊதியை அப்படியே துடைத்து மாட்டிவிடுகிறார்கள். எம்45-ல் ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, டைமிங் கியர்கள் அவற்றை மயிரிழை தூரத்தில் வைத்திருக்கின்றன. அந்தக் கியர்களுக்கென்று தனி ஆயில், இன்ஜின் ஆயிலோடு சம்பந்தமில்லாதது. இந்த வண்டியில் மறுமுனையிலும் ஒரு சின்னக் கியர் பெட்டி உண்டு, அதற்கும் தனி ஆயில். வாட்டர் பம்பைச் சுழற்றுவது அந்தப் பெட்டிதான். ஆம், இந்த இன்ஜினில் தண்ணீர் ஓடுவதே சூப்பர்சார்ஜர் தயவில்தான். அந்தக் கியர் வறண்டு தேய்ந்துபோனால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் ஹெட் வளையும். பராமரிப்பு அட்டவணையில் இந்த ஆயிலுக்கு இடமே இல்லை. என்னுடையதில் முன்பக்கம் கறுத்த கஞ்சியாகக் கொஞ்சம் வந்தது. பம்பு பக்கம் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நல்ல வேளையாகக் கியர் பற்கள் தப்பித்திருந்தன. சீல் மாற்றி, இரண்டு பக்கமும் சூப்பர்சார்ஜர் ஆயில் அளந்து ஊற்றி, புதிய வாட்டர் பம்போடு மாட்டினேன். ரோட்டர் பூச்சில் லேசான கீறல்கள், அப்படியே விட்டேன். மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு பம்பு பக்க ஆயிலை எடுத்துப் பார்த்தபோது நிறம் மாறியிருந்தது, அளவு குறையவில்லை. மறுபடி மாற்றிவிட்டேன்.

ரன்னிங்-இன் (புதிதாகப் பூட்டிய இன்ஜினை ஓட்டிப் பழக்குவது) விஷயத்தில் ஆளுக்கொரு சாஸ்திரம் உண்டு. முதல் ஆயிரம் மைல் வண்டியைப் பூப்போல ஓட்டச் சொல்வார்கள். ஹோனிங் செய்த சுவரில் ரிங் படிய வேண்டுமானால் அதன் பின்னால் அழுத்தம் வேண்டும், ஐட்லிங்கில் வைத்துக் கொஞ்சினால் சுவர் வழவழப்பாகிவிடும், ரிங் படியாது. மினரல் ஆயில் ஊற்றி, சூடேறியதும் மூன்றாவது கியரில் நடுத்தர வேகத்திலிருந்து பாதி ஆக்சிலரேட்டரில் ஏற்றி, காலை எடுத்து இன்ஜின் பிரேக்கில் இறக்கி, திரும்பத் திரும்பச் செய்தேன். லேசாக அழுத்தும்போது சூப்பர்சார்ஜரின் காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தே இருக்கும், பூஸ்ட் (திணித்த காற்றின் அழுத்தம்) ஏறாது. எவ்வளவு சுமை கொடுப்பது என்பது காலடியில்தான் இருக்கிறது. முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்தேன், வெள்ளித் துகள்கள் மினுங்கின. இரண்டாவது ஆயிலில் அது இல்லை. சிந்தெடிக் அதற்குப் பிறகுதான்.

சரி, இனி உண்மையான நீண்டகால அனுபவம். பிரீதர் குழாயில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் ஒன்று மாட்டினேன், எல்லோரும் புகழ்கிறார்களே என்று. கோடையில் அதில் கொஞ்சம் ஆயில் சேர்கிறது. குளிர்காலத்தில் இங்கே குட்டிக் குட்டிப் பயணம்தான், இன்ஜின் முழுதாகச் சூடேறாது, கேன் நிறைய மோர் மாதிரி ஒரு திரவம். தண்ணீரும் ஆயிலும் கலந்த கூழ். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பதற வேண்டாம். மாதம் ஒருமுறை வடிக்க முடிந்தவர்களுக்கு கேன் நல்லது, மறப்பவர்கள் மாட்டாமலிருப்பது நல்லது, உறைபனியில் உள்ளே தண்ணீர் கட்டியாகி பிரீதரை அடைத்துவிட்டால் ஆயில் சீல்கள் வழியே கிராங்க்கேஸ் காற்று வழி தேடும். ரிங் நன்றாகப் படிந்த இன்ஜினுக்கு இது அவசியமில்லை என்பது இப்போது என் எண்ணம்.

பெல்ட் டென்ஷனருக்கு மலிவாக ஒன்று வாங்கியிருந்தேன். அதன் டாம்பர் ஒரு வருடத்திலேயே சோர்ந்து, அழுத்தி ஓட்டும்போது பெல்ட் வழுக்கிக் கிறீச்சிட்டது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் என்பதால் வழுக்கினால் பூஸ்ட் போகும், அதோடு வாட்டர் பம்பும் தடுமாறும். தரமானது போட்டபின் சத்தமில்லை. இன்டர்கூலர் இருபுறமும் இருக்கும் ரப்பர் இணைப்புகளில் ஒன்று வெடித்தது, சோப்பு நீர் தெளித்துக் கண்டுபிடித்தேன். கிராங்க் புல்லி ரப்பர் வைத்து ஒட்டியது, வயதானால் ரப்பர் விட்டுப்போகும். அதை ரீபில்டின்போதே மாற்றியதில் மனநிம்மதி. கிராங்க் சென்சாரின் சின்ன ஓ-ரிங்கும் அப்படியே. சில பென்ஸ் சாமான், ஆனால் சூப்பர்சார்ஜருக்கு அடியில் ஒளிந்திருப்பதால் பிறகு மாற்றுவதென்றால் முகத்தையே கழற்ற வேண்டும்.

சூப்பர்சார்ஜருக்கு 15 சதவீதம் சின்ன புல்லி போடவில்லையா என்று கேட்பார்கள். போடவில்லை. அது ஊதியின் வேகத்தைச் சுமார் 18 சதவீதம் ஏற்றும், சத்தமும் இழுவையும் கூடும் என்பது உண்மைதான். கூடவே சூடும். இன்டேக் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்வாங்கும், பாதி லாபம் அங்கே போய்விடும். பெட்ரோலில் மட்டும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. சாதாரண 95 ஆக்டேன் 2021 செப்டம்பரிலிருந்து இங்கே இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது), நான் சூப்பர் அன்லெடட் மட்டும்தான்.

செலவு, பாகமும் பட்டறைக் கூலியும் சேர்த்து 2,000 பவுண்டுக்குச் சற்று மேல். கருவிகள் கணக்கில் இல்லை, அதை வீட்டிலும் சொல்லவில்லை. உடைப்பு யார்டில் ஒரு பழைய இன்ஜின் இதில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்திருக்கும், ஆனால் அதன் ரிங் எப்படி, பம்பு பக்க ஆயில் உண்டா என்று யாருக்குத் தெரியும். விற்றால் இந்தப் பணம் திரும்பாது. இந்த வண்டியையே வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வேலை பொருந்தும்.

இதே வண்டியை வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், இன்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லி தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள், கீழிறக்கத்தில் காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது பின்கண்ணாடியில் நீலப் புகை தெரிகிறதா என்று பாருங்கள். சூப்பர்சார்ஜர் ஆயில் எப்போது மாற்றியது என்று விற்பவரிடம் கேளுங்கள். "அதற்கு ஆயில் உண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அந்த வேலைக்கான கூலியை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம்.