வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி ரிவ்யூ: காரணமே தெரியாம நொண்டற பெரிய ஜாதி குட்டிய கூட்டிட்டு போலாமா?

லாப், ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதி குட்டி வளக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன், மத்தவங்க ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடலாம். எங்க வீட்ல ஜெர்மன் ஷெப்பர்ட் பையன், பேரு வீரா. ஏழு மாசம் இருக்கும்போது முன்னங்கால் நொண்ட ஆரம்பிச்சான். எங்கயும் விழல, அடிபடல, பாதத்த விரல் விரலா விரிச்சு டார்ச் அடிச்சு பாத்தாச்சு, முள்ளும் இல்ல உண்ணியும் இல்ல. காலைல எழுந்தா நொண்டுவான், பந்த காட்டினா மறந்துட்டு ஓடுவான், ராத்திரி திரும்பவும் நொண்டல். சரி தானா போயிடும்னு இருந்தா வலது கால் சரியாயி இடது கால்ல ஆரம்பிச்சிடுச்சு.

மொதல்ல போனது வீட்டு பக்கத்துல ஒரு தனியார் கிளினிக், பேரெல்லாம் வேணாம். வாசல்லேந்தே பாத்துட்டு "பெரிய ஜாதி நாய்ங்க, கால்சியம் பத்தாது, அதான்"ன்னு சொல்லி ஒரு ஊசி, ஒரு பெரிய பாட்டில் கால்சியம் சிரப், தெனமும் எலும்பு சூப்பு. காலை ஒரு தடவ கூட தொட்டு பாக்கல! ஊசி வேகத்துல ரெண்டு மூணு நாள் குதிச்சான், அப்புறம் பழைய குருடி கதவ திறடி.

அப்பதான் நாய் வளக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் "ஏம்ப்பா சுத்தற, வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்கு போ"ன்னாரு. மெட்ராஸ் வெட்டர்னரி காலேஜோட ஆஸ்பத்திரிதான் அது, காலேஜ் 1903ல ஆரம்பிச்சது, இப்போ தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது. ஊர் பூரா இங்கதான் வரும்னு தெரிஞ்சே போங்க, காலைல சீக்கிரம் போயி ஓபி சீட்டு வாங்கிடறது நல்லது. ஆட்டுக்குட்டிய மடில வெச்சிருக்கற பாட்டி ஒரு பக்கம், பூனைய பிளாஸ்டிக் கூடைல போட்டு மேல துண்டு கட்டி வந்த காலேஜ் பொண்ணு ஒரு பக்கம், நடுவுல நம்ம ஷெப்பர்ட் எல்லாரையும் விசாரிச்சுட்டு இருக்கான். கயிறு ஸ்ட்ராங்கா இருக்கட்டும், வாய்மூடி ஒண்ணு பைல வெச்சுக்கோங்க, தண்ணி கிண்ணமும்.

சீட்டு காட்டினதும் எலும்பு, மூட்டு பாக்கற ஆர்த்தோ பக்கம் அனுப்பினாங்க. இங்க நடந்ததுதான் இந்த ரிவ்யூவுக்கே காரணம். டாக்டர் மேடம் நாய டேபிள்ல ஏத்தவே இல்ல, மொதல்ல வெளிய சிமெண்ட் தரைல கயிற லூசா விட்டு மெதுவா நடத்த சொன்னாங்க, போக ஒரு தடவ வர ஒரு தடவ. கூட நின்ன ஸ்டூடண்ட்ஸ் கிட்ட "காலை பாக்காதீங்க, தலைய பாருங்க"ன்னாங்க. வலிக்கற முன்னங்கால் தரைல படும்போது தலை மேல தூக்குமாம், நல்ல கால் படும்போது கீழ எறங்குமாம். அவங்க சொன்னப்புறம் பாத்தா அப்படியே டிங்கு டிங்குன்னு ஆடுது தலை, இத்தன நாளா நாங்க கால மட்டுமே முறைச்சு பாத்துட்டு இருந்தோம்.

அப்புறம் தரைல அவங்களே உக்காந்து, நல்ல கால்லேந்து ஆரம்பிச்சு நொண்டற காலுக்கு வந்தாங்க. நகம், விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, தோள் ஒவ்வொண்ணா மடக்கி நீட்டி பாத்தாங்க, வீரா கொட்டாவி விட்டுட்டு இருந்தான். மூட்டுல ஒண்ணும் இல்ல. அடுத்து மூட்ட விட்டுட்டு ரெண்டு மூட்டுக்கு நடுவுல இருக்கற நீள எலும்ப, சதைய ஒதுக்கிட்டு கட்டைவிரலால அழுத்திட்டே கீழ வந்தாங்க. முன்னங்காலோட மேல் எலும்புக்கு நடுவுல வந்தப்போ "வீல்"னு கத்தி அவங்க கைய வாய்க்குள்ள வாங்கிட்டான், கடிக்கல, சும்மா புடிச்சுக்கிட்டான். மேடம் கைய இழுக்கக்கூட இல்ல, "ம், இங்கதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அதே இடத்த இன்னொரு தடவ மெதுவா அழுத்தி கன்ஃபர்ம் பண்ணாங்க.

சந்தேகம் பேனாஸ்டியைட்டிஸ். வளர்ற வயசுல, பொதுவா அஞ்சு மாசத்துலேந்து ஒன்றரை வயசுக்குள்ள, பெரிய ஜாதி குட்டிங்களுக்கு நீள எலும்போட உள்பக்கம் வர்ற வலி. ஷெப்பர்டுக்கு ரொம்ப சகஜம், அதுலயும் ஆம்பளைக்கு அதிகம். ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறறதுதான் இதோட அடையாளமே. ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது, ஆனா தானா வந்து தானா போயிடும்.

சொல்லிட்டு அதோட விட்டுடல, அதான் எனக்கு புடிச்சது. எக்ஸ்ரே ரெண்டு முன்னங்காலுக்கும் எடுத்தாங்க, ஒண்ணோட ஒண்ணு வெச்சு பாக்க. எலும்புக்குள்ள கறுப்பா இருக்க வேண்டிய எடத்துல சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு வெள்ள மேகம், காட்டினப்போ எனக்கே தெரிஞ்சுது. (ஆரம்பத்துல எடுத்தா எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாமலும் இருக்கலாமாம், அதனால நார்மல்னு வந்தா பெருசா நம்பிட வேணாம்.) கூடவே ரத்தமும் எடுத்தாங்க, நம்ம ஊர்ல உண்ணி காய்ச்சல் வந்தாலும் மூட்டு வலிச்சு நொண்டும், அத ஒதுக்கிடணும்னு. ரத்தம் க்ளீன். முழங்கை எக்ஸ்ரேவையும் தனியா பாத்தாங்க, ஷெப்பர்டுக்கு முழங்கைல ஒரு சின்ன எலும்புத்துண்டு அஞ்சு மாசத்துக்குள்ள ஒட்டணும், ஒட்டாம போனா ஆபரேஷன் வரைக்கும் போகும். அது ஒட்டியிருந்துச்சு, எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

பழைய சீட்ட காட்டினேன். ஊசி பேர பாத்துட்டு ஸ்டீராய்டுன்னாங்க, வலிய அமுக்கிடும், என்ன நோய்னு கண்டுபிடிக்கறது கஷ்டமாயிடும்னு மட்டும் சொன்னாங்க, அந்த டாக்டர பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல. கால்சியம் பாட்டில மட்டும் கறாரா நிறுத்த சொல்லிட்டாங்க. பெரிய ஜாதி குட்டிக்கு, அதுவும் ஆறு மாசத்துக்கு கீழ, தேவைக்கு மேல வர்ற கால்சியத்த குடல் தள்ளிவிடாது, குடுக்க குடுக்க உள்ள போயி எலும்பு வளர்ச்சியவே கோணலாக்கிடும். லார்ஜ் ப்ரீட் பப்பின்னு போட்ட சாப்பாடு குடுத்தா அதுலயே அளவா இருக்கு, பாக்கெட் பின்னாடி கால்சியம் ஈரப்பதம் நீக்கின கணக்குல 1.8 சதவீதத்த தாண்டக்கூடாது, அவ்ளோதான் பாக்கணும். அதே சமயம் வெறும் சோறும் சிக்கனும் ஈரலும் மட்டும் போட்டு வளத்தா எதிர்ப்பக்கமா போயிடும், கால்சியமே இல்லாம எலும்பு மெலிஞ்சு லேசா குதிச்சாலே உடையும். அப்படி வீட்டு சாப்பாடுதான்னா டாக்டர் கிட்ட கணக்கு கேட்டு போடுங்க, பக்கத்து வீட்டு அங்கிள் கிட்ட இல்ல.

இன்னொண்ணு, வெயிட். "புஷ்டியா இருக்கான்"னு நாம பெருமப்படறது எலும்புக்கு எமன். லேசா தடவினா விலா எலும்பு கைக்கு தட்டுப்படணும். அமெரிக்கால 48 லாப்ரடார எட்டு வார குட்டிலேந்து சாகற வரைக்கும் வெச்சு பாத்த ஆராய்ச்சி 2002ல வந்துச்சு, 25 சதவீதம் கம்மியா சாப்பிட்ட பாதிக்கு இடுப்பு மூட்டு தேய்மானம் குறைவு, ஆயுசும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அதிகம். இத வீட்ல சொன்னப்புறமும் எங்கம்மா ஒளிச்சு ஒளிச்சு நெய் சோறு போடறாங்க, அது வேற கேஸ்.

மருந்துன்னு பாத்தா சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கற வலி மாத்திரை, அதுவும் கொஞ்ச நாளைக்குதான். நம்ம வீட்ல இருக்கற பாராசிட்டமால், ஐப்யூப்ரூஃபன், டைக்லோஃபினாக் எதையும் கைல தொடாதீங்க, நாய்க்கு வயித்துல புண்ணு, கிட்னி, லிவர்னு உயிருக்கே ஆபத்து. மாடிப்படி கட், கயித்துல மெதுவான நடை, டைல்ஸ் தரைல வழுக்காம இருக்க பழைய ரப்பர் மேட். நடுவுல ஒரு பின்னங்காலுக்கும் போச்சு, சொல்லி வெச்சிருந்ததால பதறல. இப்போ ஒரு வயசு தாண்டிட்டான், நொண்டல் இல்ல.

எல்லா நொண்டலும் இப்படி சாதுவா போகாது, அதனால இதையே உங்க குட்டிக்கும் வைத்தியம்னு எடுத்துக்காதீங்க. மணிக்கட்டுக்கு மேல ரெண்டு பக்கமும் வீங்கி, காய்ச்சலோட சாப்பாட்ட ஒதுக்கினா அது வேற நோய், அன்னிக்கே ஓடணும். கால ஊனவே இல்லன்னாலும் அன்னிக்கே. முயல் மாதிரி பின்னங்கால் ரெண்டையும் சேத்து வெச்சு ஓடினா, படுத்து எழ தடுமாறினா இடுப்ப பாக்க சொல்லுங்க. அதுக்கு சரியான பொசிஷன்ல எக்ஸ்ரே எடுக்க மயக்க ஊசி போட வேண்டி வரலாம், அதனால வெறும் வயித்தோட வரணுமான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க.

மார்க்: பரிசோதனைக்கு அஞ்சுக்கு அஞ்சு, செலவுக்கும் அஞ்சு, எக்ஸ்ரே ரத்தம் எல்லாம் சேத்தே அந்த கிளினிக் பில்ல விட கம்மிதான் ஆச்சு. லீவு போட்டுட்டு போங்க, அவசரத்துக்கு நடுவுல போற எடம் இல்ல. வீட்ல நொண்டறப்போ போன்ல சைடுலேந்து ஒரு வீடியோ எடுத்துட்டு போங்க, ஏன்னா ஆஸ்பத்திரி வாசல்ல அத்தன நாய பாத்ததும் நம்ம ஹீரோ நொண்டறதயே மறந்துட்டு மார தூக்கிட்டு நடப்பாரு.