பெயர்த்தகடு இல்லாத பழைய கல் ரம்பம்: ஒரு வருட உபயோகத்துக்குப் பிறகு

பத்து அங்குலப் பிளேடு போடுகிற பழைய கல் அறுக்கும் ரம்பம் இது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான் மிச்சம். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தேன், மூன்று நிறம் வந்தது, பெயர் வரவில்லை. ஹைலேண்ட் பார்க், கோவிங்டன் என்று பழைய அமெரிக்க மெஷின்களின் படங்களோடு ஒப்பிட்டே இரண்டு வாரம் போயிற்று. அந்த நேரத்தில் ஸ்கேலை எடுத்து அளந்திருக்கலாம். பிளேடும் பெல்ட்டும் வாங்கப் போனால் பிளேடு மாட்டுகிற ஷாஃப்ட்டின் விட்டம் என்ன (என்னுடையது 5/8 அங்குலம்), புல்லி விட்டம் என்ன என்றுதான் கேட்பார்கள், யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

புல்லியில்தான் முதல் கோளாறு. முன்பு வைத்திருந்தவர் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரை மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவு புல்லி போட்டிருந்தார். ஓடவிட்டால் பிளேடு நனைகிற தொட்டி எண்ணெய் மூடியைத் தாண்டித் தெறிக்கும். மோட்டாருக்கு 2 அங்குலம், ஷாஃப்ட்டுக்கு 3 அங்குலம் என்று மாற்றியதும் பிளேடு 960 சுற்றுக்கு இறங்கியது. அகேட் போன்ற கடினக் கல்லுக்கு இந்த வேகம் நன்றாகவே ஒத்துப்போகிறது.

அப்புறம், பிளேடு கிண்ணம் மாதிரி வளைந்திருந்தது. புதுசு போட்டால் அதுவும் வளையும் என்று சந்தேகப்பட்டு, வைஸ் (கல்லைப் பிடித்துக்கொண்டு நகர்கிற பிடிப்பான்) பிளேடுக்கு இணையாகப் போகிறதா என்று பார்க்க அதில் ஒரு குச்சியைப் பிடித்து, பிளேடின் முன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து அதைத் தொடும்படி நிறுத்தினேன். வைஸைப் பின்னால் தள்ளி, பிளேடைக் கையால் சுற்றி அதே புள்ளியைக் குச்சிக்கு நேரே கொண்டுவந்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளி! அதே புள்ளியில் பார்ப்பது முக்கியம், இல்லாவிட்டால் பிளேடின் சொந்த ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். பேரிங் போல்ட்டுகளைத் தளர்த்தி ஷாஃப்டைத் துளித்துளியாகத் திருப்பி நேராக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. இந்த மெஷினில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான்.

வைஸை நகர்த்தும் ஸ்குரூவின் நட் தேய்ந்து வழுக்கியதால் அதைக் கழற்றிவிட்டு, கயிறு கட்டி எடை தொங்கவிட்டேன். கல் கடினமாக இருந்தால் எடை பொறுமையாகக் காத்திருக்கும், ஸ்குரூ மாதிரி பிடிவாதமாகத் தள்ளாது. ஆனால் அறுத்து முடிகிற கடைசி நொடியில் துண்டு பிய்ந்து வைஸ் பாயும், அதனால் ஒரு தடுப்புக் கட்டையும், மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்சும் கட்டாயம். இதை முதல் துண்டின் ஓரம் உடைந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

தொட்டியில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நெருப்புக்குப் பக்கத்தில் விளையாடுகிற வேலை, உடனே காலி செய்துவிட்டு லேசான மினரல் ஆயில் ஊற்றினேன், பிளேடு ஒரு சென்டிமீட்டர் நனைகிற அளவுக்கு. டர்க்காய்ஸ் மாதிரி உறிஞ்சும் கற்களை இதில் போடாதீர்கள், எண்ணெய்க் கறை போகவே போகாது. பழைய வயரை முழுசாக மாற்றி எர்த்தும் கொடுத்தாயிற்று.

வார்ப்பிரும்பு உடம்பு, அதிர்வே இல்லை, உள்ளங்கை அகல அகேட் துண்டு கண்ணாடி மாதிரி வருகிறது. வாங்கலாமா என்றால், ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், பெட்டியைத் திறந்ததும் கல் அறுக்க வேண்டும் என்றால் வேண்டாம். ஷாஃப்ட் சீல் மட்டும் இன்னும் கசிகிறது, கீழே ஒரு பழைய சமையல் தட்டு வைத்திருக்கிறேன்.