பில் இல்லாத கோழி மருந்து: அணைக்கட்டு, ஒடுகத்தூர் பண்ணையாளர்கள் கவனத்துக்கு

மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாக வந்து மருந்து விற்கும் ஒருவர் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் காட்டிய கைவரிசையை உங்களிடமும் காட்டுவார்.

நான்காம் வாரத்தில், நல்ல எடையோடு இருந்த பிராய்லர் கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கின. முந்தின நாள் வரை ஒழுங்காகத் தீவனம் தின்றவை. அவர் செத்த கோழியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஷெட் வாசலில் நின்றபடியே, "வெயில்தான் அண்ணே, வேலூர் வெயிலைக் கேட்க வேண்டுமா?" என்றார். வெயில் தாங்காத கோழி வாயைப் பிளந்து இரைக்கும். பெரும்பாலும் பிற்பகலில் சாகும். என் கோழிகள் விடியற்காலையிலும் செத்துக் கிடந்தன. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். ஆன்டிபயாடிக் பொடி, கல்லீரல் டானிக், கூடவே 'லீச்சி நோய்த் தடுப்பு மருந்து' என்று ஒரு குப்பி. பெட்ரோல் டேங்க் மேல் கிடந்த பையிலிருந்து எடுத்தார். ஐஸ் பெட்டி கிடையாது. லேபிள் பாதி சுரண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் உள்ள அரசு கால்நடைத் தடுப்பு மருந்து நிலையத்துச் சரக்கு என்று வேறு சொன்னார். 1932 முதல் இயங்கும் அந்த நிலையத்தின் பெயர் குப்பியில் எங்குமே இல்லை. குடிநீரில் கலக்கச் சொன்னார். பில்? "அடுத்த முறை தருகிறேன்."

சாவு நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் வந்து ஒரு கோழியை என் கண்ணெதிரே அறுத்தார். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் வைக்கோல் நிறத்தில் நீர் கோத்திருந்தது. உரித்த லீச்சிப் பழம்போல் அதற்குள் இதயம் மிதந்தது. கல்லீரல் வீங்கி, வெளிறி, விரல் பட்டதும் உடைந்தது. அடினோ வைரஸ் என்று ஆய்வகமும் உறுதி செய்தது. 1987-ல் கராச்சி அருகே அங்காராவில் தலைகாட்டி, 1990-களில் நம் நாட்டுப் பண்ணைகளுக்கும் வந்துவிட்ட லீச்சி நோய்தான் இது. மருந்து விற்க வந்தவர் அதன் பெயர் தெரிந்துகொண்டே வெயில் என்று சொன்னாரே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ராணிக்கெட் என்ற வேறொரு கோழி நோய்க்கான தடுப்பு மருந்தும் இதற்கு உதவாது. நம் ஊரில் இந்நோய்க்குப் போடுவது கொல்லப்பட்ட வைரஸால் ஆன ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்து, குஞ்சுப் பருவத்தில் தோலுக்கடியில் போட வேண்டும். அதைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் காசைச் சாக்கடையில் ஊற்றுவதும் ஒன்றுதான். செத்த கோழியை அழுகுவதற்குள் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். அறுத்துப் பார்க்காமல் யார் எதைச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கூத்து இதோடு முடியவில்லை. மறுநாளே, அந்த மருந்துக்காரர் அனுப்பியதாக ஒரு கோழி வியாபாரி வண்டியோடு வந்து, மிச்சமிருப்பதைப் பாதி விலைக்குக் கேட்டார். அந்த வண்டி அதற்கு முன் எந்தப் பண்ணையில் நின்றதோ! எச்சத்தில் வெளியேறும் இந்தக் கிருமி கூண்டு, சக்கரம், செருப்பு என்று ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். கொழுப்பு உறை இல்லாத வைரஸ், ஃபினாயிலுக்கு எளிதில் சாகாது. வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பினேன்.

மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்திருக்கிறேன். குப்பியையும் மீதிப் பொடியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த மருந்துக்காரரிடம் வாங்கியவர்கள் குப்பியைத் தூக்கி எறியாமல் எனக்குத் தெரிவியுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.