ஆறு சனிக்கிழமைகள், 3,500 ரூபா: அமைதிகாப்பு வகுப்பு ஒன்றைப் பற்றி

திருகோணமலை நகரில் தனியார் பயிற்சி நிலையம் ஒன்று ‘உள்நாட்டுப் போர்களும் சர்வதேச அமைதிகாப்பும்’ என்ற தலைப்பில் நடத்திய குறுகியகால வகுப்பை அண்மையில் முடித்தேன். ஆறு சனிக்கிழமைகள், பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. பாடக்குறிப்புகளுடன் சேர்த்துக் கட்டணம் 3,500 ரூபா. சேரலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டுவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு சொல்லில் இடறினோம். பாடக்குறிப்பு முழுவதும் ‘அமைதிப்படை’ என்று அச்சிட்டிருந்தார்கள். இந்த ஊரில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் அச்சொல் ஒரேயொரு படையைத்தான் குறிக்கும்: 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இலங்கை–இந்திய உடன்படிக்கையின் பேரில் வந்து, அவ்வாண்டு ஒக்டோபரிலேயே புலிகளுடன் போரில் இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இழந்து, 1990 மார்ச் 24இல் இதே துறைமுகத்தில் கடைசி அணியைக் கப்பலேற்றிய இந்தியப் படை. ஆகவே ‘ருவாண்டாவில் அமைதிப்படை போதாமல் போனது’ என்று விரிவுரையாளர் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார். அவர் கோபிக்கவில்லை. குறிப்பை மூடி வைத்துவிட்டு, இரண்டு அரசுகளின் உடன்பாட்டில் வந்த படைக்கும் ஐக்கிய நாடுகள் சபை அனுப்பும் படைக்கும் உள்ள வேறுபாட்டை அரைமணி நேரம் விளக்கினார். அன்று முதல் ‘அமைதிகாப்போர்’ என்றே பேசினார். அவருடைய இந்தப் பக்குவத்துக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களே வகுப்பின் உயிர். 1956இல் எகிப்தின் சினாய்க்குச் சென்ற ஐ.நா. படையை விளக்கும்போது வெண்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்: கோட்டுக்கு இருபுறமும் அரசு, படை நிற்கும் மண்ணுக்குரிய அரசின் ஒப்புதல், நடுவில் தற்காப்புக்கு மட்டும் ஆயுதம் தூக்கும் படை. பின்னர் பொஸ்னியாவுக்கு வந்தபோது கோட்டை அழித்துவிட்டுப் புள்ளிகளாகக் குத்திக்கொண்டே போனார். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. உள்நாட்டுப் போரில் யாரிடம் ஒப்புதல் கேட்பது, நேற்றுத் தந்தவர் இன்று மறுத்தால் என்ன செய்வது, கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் நடுவே நடுநிலை என்றால் என்ன என்பதெல்லாம் அந்தப் பலகையிலேயே புரிந்துவிட்டன. ஸ்ரெப்ரெனிகா உள்ளிட்ட ‘பாதுகாப்பு வலயங்களை’க் காக்க ஏறத்தாழ 34,000 படையினர் வேண்டுமென்று ஐ.நா. தலைமையகம் கணித்தபோது, பாதுகாப்புச் சபை 7,600 பேருக்கே அனுமதி கொடுத்தது. 1995 ஜூலையில் அங்கே எண்ணாயிரம் வரையான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

ருவாண்டாவைப் பற்றி அவர் சொன்னதும் சரியே, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். 1994 ஜனவரி 11இல் அங்கிருந்த ஐ.நா. படைத் தளபதி ரொமியோ டலேர், ஆயுதக் கிடங்குகள் பற்றித் தகவல் கிடைத்திருப்பதாகவும் அவற்றைக் கைப்பற்றப் போவதாகவும் நியூயோர்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு அறிவித்தார். அது உங்கள் பணியின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று பதில் வந்தது. ஏப்ரலில் துட்சி மக்கள் மீதான படுகொலை தொடங்கி, பத்து பெல்ஜியச் சிப்பாய்களும் கொல்லப்பட்ட பின்னர், சுமார் 2,500 பேருக்கென அனுமதிக்கப்பட்டிருந்த அந்தப் பணியைப் பாதுகாப்புச் சபை 270 பேராகச் சுருக்கியது. இவையெல்லாம் குறிப்பில் இருந்தன. தகவல் கொடுத்த அந்த மனிதர் தனக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கேட்டதும், அது கிடைக்காததும் இருக்கவில்லை. சொன்னவனின் கதி என்ன என்று நான் கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் மின்வெட்டு.

அந்த நான்காம் வாரம், ஐ.நா. அமைதிகாப்பைச் சீர்திருத்தச் சொன்ன 2000ஆம் ஆண்டின் பிராஹிமி அறிக்கையைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வாசித்ததோடு முடிந்தது.

பெரிய ஏமாற்றம் ஐந்தாம் வாரம். நம்முடைய மாவட்டத்தையே தொட்டுப் பேசியிருக்க வேண்டிய பாடத்துக்கு முக்கால் மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 2002 பெப்ரவரி யுத்தநிறுத்த உடன்படிக்கையின்படி ஐந்து நோர்டிக் நாடுகளிலிருந்து ஆயுதமின்றி வந்த கண்காணிப்புக் குழு, படை அல்ல. எழுதிக்கொள்வதும் தீர்ப்புச் சொல்வதுமே அதன் வேலை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றிய நாடுகளின் கண்காணிப்பாளர்கள் போகவேண்டுமென்று புலிகள் கேட்க, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் விலகின. அவ்வாண்டு ஆகஸ்டில், மூடப்பட்டிருந்த மாவிலாற்று மதகைத் திறக்கச் சென்ற கண்காணிப்புக் குழுத் தலைவருக்கு அருகிலேயே எறிகணைகள் விழுந்தன. அதற்கு இரண்டு நாள் முன்னர் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டிருந்தனர். ஒப்புதல் கலைவது எப்படியென்று காட்ட சினாய் வரை போக வேண்டியதில்லை. இத்தனையையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கியிருந்தார்கள்.

என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர் அன்றுதான் முதன்முறையாக வாய் திறந்தார். தம்பியைப் பற்றி முறையிடக் கண்காணிப்பாளர்களிடம் போனபோது, எதிர்க் கடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். “அவையள் ஒருநாள் போயிடுவினம், நான் இஞ்சதானே இருக்கோணும்” என்றார். விரிவுரையாளர் தலையாட்டிவிட்டு நேரத்தைப் பார்த்தார். ருவாண்டாவில் தகவல் சொன்னவரும், ஸ்ரெப்ரெனிகா அருகே ஐ.நா. பணியிலிருந்த நெதர்லாந்துப் படையினரின் பொட்டொச்சாரி முகாமிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட ஆண்களும், 2008 செப்டெம்பரில் கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் கூடிப் போகவேண்டாம் என்று கேட்ட சனமும் ஒரே வரிசையில் நிற்பவர்கள் என்று எனக்குத் தோன்றியது. பொட்டொச்சாரி முகாமிலிருந்து அனுப்பப்பட்ட 350 பேர் தொடர்பில் நெதர்லாந்து அரசுக்குப் பத்து வீதப் பொறுப்பு உண்டென்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இப்படியான ஒரு தீர்ப்பாவது பாடத்தில் இருந்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புச் சபை ஒரு பணிக்கு வகுத்துக் கொடுக்கும் அதிகார எல்லை ஒரு பக்கத்தில் ‘ஆணை’, அடுத்ததில் ‘கட்டளை’, இன்னொன்றில் ‘பணிப்புரை’ என்று வருகிறது. பாடத்தின் அச்சாணியே அதுவாக இருக்க, மூன்றும் வேறு வேறு என்று நினைத்துப் பரீட்சையில் ஒருவர் மூன்றுக்கும் தனித்தனி விளக்கம் எழுதினார். பாவம், புள்ளி குறைத்துவிட்டார்கள். இறுதி நாளில், ஹெய்ட்டியிலிருந்து 2007இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் ஐ.நா. அமைதிகாப்பில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டதை ஒரு மாணவி கேட்டபோது, சான்றிதழ் வழங்க நேரமாகிவிட்டது என்ற பதிலே கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளை முதல் மூன்று வாரங்களுக்காகவே அனுப்பலாம். தனி வாரங்களுக்குக் கட்டணம் பிரித்து வாங்குவதில்லை, கேட்டுப் பார்த்தேன். பிளேன்ரீ தருகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. மாடிப்படி செங்குத்து, முதியவர்களுக்குச் சிரமம். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் இடப்பக்க யன்னலோரத்துக்கு மட்டுமே காற்றுத் தரும். போகிறவர்கள் ஒன்றே முக்காலுக்கே போய் அங்கே இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.